ஓடக்காரியின் ரசிகர்

ஷூவின் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டே, "கேஸை மூடினியா பாரு குட்டி. ஜன்னல்கிட்ட நிக்காதே, வெயில் அடிக்குது," என்றார் கணவர். பிறகு கதவைச் சாத்தினார். சாவி வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு முறை திரும்பியது. காலடிச் சத்தம் படிகளில் இறங்கிப் போய்த் தெரு இரைச்சலில் கரைந்தது.

அவர் குடித்துவிட்டு வைத்த டீ தம்ளரைக் கையில் பிடித்தபடி அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை பார்த்தாள். அங்கே அவளை "மேடம்" என்பார்கள். விழுந்து எலும்பு முறிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் கையைப் பிடித்து எழுப்பி, அதட்டி, கெஞ்சி, நடக்க வைப்பது அவள் வேலை. "ஒரு வருஷம் ஓய்வா இரு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கணவர் சொன்னபோது அது அக்கறையாகத்தான் பட்டது. அந்த ஒரு வருஷம் முடிந்து, அடுத்ததும் பாதி போய்விட்டது.

பூட்டு பிறகு வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் திருட்டு போனதாகச் செய்தி வந்த மறுநாள் அவர் வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார். இரண்டு சாவிகளும் அவரிடமே தங்கிவிட்டன. "நீ எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவே. காலம் கெட்டுக் கிடக்கு, உனக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது," என்றார். சொல்லும்போது கண் கலங்கியது. அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்?

ஒருநாள் கொதிக்கும் எண்ணெய் தெறித்துக் கை வெந்துபோனது. மருந்துக் கடை தெருமுனையில், நாலு எட்டு வைத்தால் வந்துவிடும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டாள். அவள் ஓடிப்போய் மருந்து வாங்கிவந்து, நூல்கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள். "ஏன் கண்ணு, கீழ வரக்கூடாதா?" என்று தையல்காரி கேட்டதற்கு, குட்டி "கால்ல சுளுக்குக்கா," என்று பொய் சொன்னாள். கணவர் பெயர் கெட்டுவிடக் கூடாதே!

கையில் போன் இருந்தது. யாரையும் அழைக்கலாம். அழைத்து என்ன சொல்வது? அடிக்கிறாரா என்று கேட்பார்கள். இல்லை. குடிக்கிறாரா? இல்லை. வேறு பெண் சகவாசம்? அதுவும் இல்லை. அம்மாவிடம் ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தாள். "தங்கமான மனுஷன்டீ! உள்ளங்கையில வெச்சுத் தாங்குறார். உன்னை மாதிரி கொடுத்து வெச்சவ யாரு?" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள். உள்ளங்கையில் வைத்திருப்பவர் விரல்களை மூடிக்கொண்டார் என்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கணவருக்கு இன்னொரு முகம் உண்டு. பகலில் பெயின்ட் கம்பெனியில் விற்பனை அதிகாரி. மாலையில், அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைப் பற்றிப் பேசும் சேனலின் நாயகர். வட்டக் கண்ணாடி போட்டிருப்பதால் நேயர்கள் அவரை "கண்ணாடி அண்ணன்" என்பார்கள். உள்ளறையின் ஒரு மூலையில் நீலத் துணியைத் தொங்கவிட்டு, விளக்கை ஏற்றி அவர் பேச உட்கார்ந்தால் கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். வீடியோவை வெட்டி ஒட்டுவது, நேயர்களின் கருத்துகளைப் படித்து நல்லதாகப் பொறுக்குவது, நேரலையின்போது அவற்றை அவர் எதிரே உள்ள திரைக்கு அனுப்புவது எல்லாம் குட்டியின் வேலை. அவள் பெயர் எங்கும் வராது.

அந்தச் சமயத்தில் எல்லாரும் ஒரே தொடரைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அகலமான ஆறு, ஓயாத வெள்ளம், அதில் தனியாக ஓடம் விடும் ஒரு பெண். அவள் அண்ணன் துறைமுகத் தலைவன். தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவன். வெள்ளத்தில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, அவள் தூங்கும்போது துடுப்பை எடுத்து ஒளித்துவைத்துவிடுகிறான். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. வீட்டுக் கதவின் பலகையைப் பெயர்த்தெடுத்து, அதையே துடுப்பாக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறாள்.

நேயர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நின்றார்கள். அவர்கள் எழுதும் கருத்துகளைக் குட்டி பகலெல்லாம் படிப்பாள்.

"இவளுக்கு உடம்பெல்லாம் திமிர்."

"அண்ணன் சோறு போடுறான்ல, வீட்ல கிடக்க வேண்டியதுதானே."

"தலைவி மாதிரி எனக்கும் தில்லு இருந்தா எங்க மேனேஜர் மண்டைல அந்தப் பலகையாலேயே ஒண்ணு போட்டிருப்பேன்."

இதைப் படித்து அவள் தனியாகச் சிரித்தாள். 'மூணாம் மாடி' என்ற பெயரில் எழுதும் ஒரு பெண்ணின் கருத்துதான் அவளைச் சிரிக்கவிடாமல் நிறுத்தியது. "அந்த அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்திருந்தால் ஊரே அவளுக்குத் துணைக்கு வந்திருக்கும்." குட்டி அதை நகர்த்தவே இல்லை. கணினித் திரை தானாக அணையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் பழைய நிலையத்திலிருந்து தலைமை மருத்துவர் அழைத்தார். "ஓர் ஆள் வேணும்மா. உன் கை மாதிரி யார் கையும் வரல. வியாழக்கிழமை வந்து பாரேன்." குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே கணவரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. அவள் தலையைக் கோதிவிட்டு, "இப்ப என்ன அவசரம்? யோசிக்கலாம்," என்றார். அதை அவள் பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் குளித்து, சலவை செய்த உடையை உடுத்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் சமையலறையிலிருந்து வருவதற்குள் சாவி வெளியே திரும்பிவிட்டது.

"என்னங்க! நான் இருக்கேன்ல, திறங்க!"

படியில் காலடி ஓசை ஒரு நொடி நின்றது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

போன் செய்தாள். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மருத்துவரிடமிருந்து செய்தி வந்தது. "உங்க வீட்டுக்காரர் நேத்தே பேசினார். உனக்கு இப்ப வேலையில இஷ்டம் இல்லன்னு சொன்னார். பரவாயில்லம்மா, உடம்பைப் பார்த்துக்கோ."

பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவள் கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அவள் இஷ்டத்தை அவளிடம் கேட்காமலே ஒருவர் எடுத்துப் போய், அவள் பெயராலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். திருட்டுக்குப் பயந்து பூட்டிய வீட்டுக்குள்ளேயே திருட்டு நடந்திருக்கிறது. யாரிடம் புகார் கொடுப்பது?

மாலையில் அவர் பூ மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். "கோவமா குட்டி? எல்லாம் உன் நல்லதுக்குத்தான். பஸ்ல இடிபட்டு, கண்டவன் காலைப் பிடிச்சு விட்டு, எதுக்கு உனக்கு அந்தக் கஷ்டம்? சரி சரி, விளக்கைப் போடு. இன்னைக்கு துடுப்பு எபிசோட். கூட்டம் அள்ளும்."

அவள் விளக்கைப் போட்டாள்.

கூட்டம் அள்ளத்தான் செய்தது. முதலில் போனில் வந்த நேயர், "என்ன இருந்தாலும் அண்ணன் பாசத்துலதானே செஞ்சான்?" என்று இழுத்தார். கணவர் மேசையைத் தட்டினார். "தோழரே! ஒருத்தியைக் கேட்காம அவளுக்காக எடுக்கிற முடிவுக்குப் பேரு பாசம் இல்ல, சிறை! தங்கக் கம்பி போட்டாலும் ஜெயில் ஜெயில்தான்!" திரையில் கைதட்டல் படங்கள் மழையாகக் கொட்டின.

மூலையில் உட்கார்ந்திருந்த குட்டி அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. ஓடக்காரிக்காக அவர் உண்மையாகவே கொதித்துக்கொண்டிருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. விரல்கள் தாமாக நகர்ந்தன. புதுப் பெயர் ஒன்றைப் போட்டு, நாலு வரி தட்டி, அவர் எதிரே இருந்த திரைக்கு அனுப்பினாள்.

"அடுத்து ஒரு நேயர் கேள்வி," என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'அண்ணா, என் கணவர் வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். சாவி அவரிடம்தான். எனக்கு வந்த வேலையை என்னைக் கேட்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் நல்லவர், கை நீட்டியதில்லை. நான் என்ன செய்வது?'"

குட்டி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். இப்போது புரிந்துவிடும். இப்போது திரும்பிப் பார்ப்பார்.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உணர்ச்சிவசப்பட்டால் அப்படிச் செய்வது வழக்கம்.

"கேட்டீங்களா இந்தக் கொடுமையை? நல்லவராம்! தங்கச்சி, நல்லா கேட்டுக்கோ. அவன் நல்லவன் இல்ல. கை நீட்டாம அடிக்கிறவன். முதல்ல அவன்கிட்ட சாவியைக் கேளு. பயப்படாதே, நிமிர்ந்து நின்னு கேளு. தரலைன்னா பக்கத்து வீட்டைக் கூப்பிடு, போலீஸைக் கூப்பிடு. இவனை மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் ஓடக்காரியைப் பார்க்கவே தகுதி இல்ல!"

கருத்துகள் வெள்ளமாகப் பாய்ந்தன. நிகழ்ச்சி முடிந்து விளக்கு அணைந்தபோது அவர் முகமெல்லாம் பூரிப்பு. "குட்டி, பார்த்தியா! இவ்வளவு கூட்டம் இதுவரைக்கும் வந்ததே இல்ல. அந்தப் பொண்ணோட கேள்விதான் சூப்பர். எங்கிருந்து புடிச்சே?"

அவள் எழுந்து வந்து அவர் எதிரே நின்றாள். கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க."

"எந்தச் சாவி?"

"வாசக்கதவுச் சாவி. நிமிர்ந்து நின்னு கேளுன்னு சொன்னீங்கல்ல? கேக்கறேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நீயா? அது... நீயா எழுதினே? அத்தனை பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டியே!"

"உங்க பேரை நான் எங்க சொன்னேன்? உங்களுக்கே அது நீங்கதான்னு தெரியல. மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது வேற, இது வேற. அந்த அண்ணன் அதிகாரத்துல பண்ணான். நான் உன் நல்லதுக்காக..."

"அந்த அண்ணனும் இதே வார்த்தையத்தாங்க சொல்றான். அந்தக் காட்சியத் திரும்பத் திரும்ப ஓட்டி வெட்டி ஒட்டினவ நான்."

அவர் கணினியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கருத்துகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. 'விலாசம் சொல்லு தங்கச்சி, பூட்டை நான் உடைக்கிறேன்.' 'கண்ணாடி அண்ணன் மாதிரி ஒரு புருஷன் உனக்குக் கிடைச்சிருக்கணும்.' இதைப் படித்ததும் அவர் உடம்பு குன்றியது. கீழே 'மூணாம் மாடி' எழுதியிருந்தாள்: "அந்த வீட்டில் தீப்பிடித்தால் அந்த நல்லவர் எங்கே இருப்பார்?"

அவர் தலையைத் தூக்கினார். பார்வை அவள் மணிக்கட்டில் இருந்த தழும்பில் போய் நின்றது.

"அன்னைக்குக் கை வெந்தப்போ... மருந்து எப்படி வந்துச்சு?"

"கீழ்வீட்டு அக்கா கயித்துல கட்டி அனுப்பினாங்க. ஏன் வரலைன்னு கேட்டாங்க. சுளுக்குன்னு சொல்லிட்டேன்."

அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். "நீ வெளிய போனா, நாலு பேரைப் பார்த்தா, நான் உனக்குச் சின்னவனாத் தெரிஞ்சிடுவேனோன்னு பயம். திருடன் பயமெல்லாம் சும்மா," என்று விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

அவள் மனம் இளகாமல் இல்லை. ஆனால் நீட்டிய கையை இறக்கவில்லை.

"உங்க பயத்துக்கு நான் ஏங்க உள்ள கிடக்கணும்? திரையில இருக்கிறவளுக்குக் கைதட்டுறதுக்கு உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அவ உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டா. வீட்ல இருக்கிறவ கேப்பா. அவளுக்கு வழிவிடுறவர்தான் நிஜமான ரசிகர். மத்ததெல்லாம் வேடிக்கை."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். இரண்டு சாவிகளில் ஒன்றைக் கழற்ற அவர் நகம் திணறியது. அவள் உதவி செய்யவில்லை.

மறுநாள் காலையில் மருத்துவரை அவளே அழைத்தாள். "முந்தாநேத்து வேணாம்னு சொன்னது நான் இல்ல மேடம். எனக்கு இஷ்டம் இருக்கு," என்றாள். "அப்ப உடனே கிளம்பி வா," என்றது மறுமுனை.

கிளம்பும்போது கணவர் வாசலில் நின்றிருந்தார். தூக்கம் இல்லாத கண்கள். ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்தாரோ என்னவோ, பழக்கதோஷத்தில் பழைய வார்த்தைதான் வந்தது. "போயிட்டு வா. ஆனா இனிமே எங்க போறதுன்னாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ, குட்டி."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சொல்லிட்டுப் போவேங்க. கேட்டுட்டுப் போகமாட்டேன்."

அவர் அந்த வார்த்தையை மென்று விழுங்கினார். பிறகு வாசலை மறித்து நிற்பது உறைத்தவராக, ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றார்.