கொக்குக்கு ஒரு நடுவர்

தூங்கவில்லை நான். ஒரு நொடிகூடத் தூங்கவில்லை. பார்க்க முடியாமல்தான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய பிறகும் உள்ளே படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இவ்வளவும் மெரின் மனத்துக்குள் சொல்லிக்கொண்டது. வெளியே, வாசலில் நின்ற பலராமனைப் பார்த்து, "உள்ள வாங்க சார்" என்று சிரித்துவைத்தாள். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர்.

"இருக்கட்டும்மா, நின்னுக்கினே சொல்லிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழம ஆண்டு விழா பட்டிமன்றத்துக்கு நீங்கதான் நடுவர். கொக்கு படத்துல தூங்குன ஒரே ஆளு நீங்கதான். உங்களவிட நடுநிலையான ஆளு எங்க கெடைக்கும்?"

சோபாவில் சாய்ந்திருந்த அவள் கணவன் அருள்பிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கொக்கு இல்ல சார். ஹெரான். கிரே ஹெரான்."

"ரெண்டும் மீன் தின்றதுதான, முசே?" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொல்லிவிட்டுப் பலராமன் படியிறங்கினார்.

சாம்பல் நிற இறக்கை கட்டிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றும் நாரை நாயகன் ஹெரானின் மூன்றாம் படத்தைப் பார்க்கக் குடியிருப்பே ஒன்றாகக் கிளம்பிப் போனது. திரும்பும்போது இரண்டாகத் திரும்பியது. படம் காவியம், ஆனால் நடுநடுவே வரும் ஜோக்குகள் அதைக் கெடுத்துவிட்டன என்பது அருளின் கட்சி. படம் எழவு வீடு, அந்த ஜோக்குகள் இல்லாவிட்டால் பாதியில் எழுந்து வந்திருப்பேன் என்பது மேல்வீட்டுக் கோபிநாத்தின் கட்சி. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் அடித்துக்கொண்டார்கள். வாயில் கெளுத்தி மீனைக் கவ்விய கொக்குப் படம் ஒன்றைக் கோபிநாத் அனுப்பியதும் அருள் குழுவைவிட்டு வெளியேறினான். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் வராது என்ற செய்தியும் அதே குழுவில்தான் வரும். அடுத்த நாள் தலை முழுக்க சோப்பு நுரையோடு அவன் குளியலறையிலிருந்து கத்தினான். மெரின்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போனாள்.

சண்டையை ஒழுங்காக மேடை போட்டுச் செய்துவிடலாம் என்று பலராமன் முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். வருடா வருடம் மாமியாரா மருமகளா என்று பேசிப் பேசி அவருக்கும் அலுத்திருந்தது. இந்த வருடத் தலைப்பு: சூப்பர்ஹீரோ படத்தைத் தூக்கி நிறுத்துவது கண்ணீரா, கலகலப்பா?

நான் தூங்கவில்லை என்று மெரின் அன்றே சொல்லியிருக்கலாம். இடைவேளையில் அருள் அவள் தோளைத் தட்டி, "பாவம், ஆபீஸ் களைப்பு" என்று மற்றவர்களிடம் சொன்னபோது, கன்னத்து ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஒரு கொட்டாவிகூட விட்டாள். அது ஏன் என்று அவளுக்கே பிறகுதான் புரிந்தது. தனக்கு மிகவும் பிடித்துப்போன எதையும் அவளால் நாலு பேர் நடுவில் வைக்க முடிந்ததில்லை. வைத்தால் ஆளாளுக்கு எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள். தூங்குமூஞ்சி என்ற பெயர் அதைவிடச் சௌகரியமாக இருந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அதே படத்துக்குத் தனியாகப் போய் உட்காரும் அளவுக்குச் சௌகரியம். அப்படி இரண்டு முறை போயிருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பும்போது, வேறு யாரையோ காதலிப்பவளைப் போல நெஞ்சு படபடத்தது.

நடுவர் பதவி வந்ததும் வீட்டில் அவள் மதிப்பு ஏறியது. அருள் காலையில் அவனாகவே காபி போட்டுக் கொண்டுவந்தான். "தீர்ப்புல நம்ம பக்கத்தக் கொஞ்சம் பாத்து சொல்லு." சாயங்காலம் கோபிநாத்தின் மனைவி துர்கா ஒரு கிண்ணம் நிறைய கேசரியோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, இது லஞ்சந்தான். ஆனா எங்க வீட்டுக்காரருக்காக இல்ல. நான் கண்ணீர் அணியில பேசறேன். இந்த ஆளு தோக்கணும். எங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு ஜோக்குக்கு நான்தான் சிரிச்சிக்கினு கெடக்கறேன்."

மெரின் கேசரியைத் தின்றுகொண்டே சிரித்தாள். தின்னத் தின்ன ஒரு விஷயம் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறி, எதுவும் பார்க்காதவளாக, எதுவும் தோன்றாதவளாக உட்காரப்போகிறாள். அன்றோடு அது ஊரறிந்த உண்மையாகிவிடும். அப்புறம் அந்தப் படம் தன்னுடையது என்று யாரிடமும், அருளிடம்கூட, சொல்ல முடியாது.

ஞாயிறு மாலை வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர்களை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். ஓரத்தில் பிரியாணி தேக்சா மூடி போட்டுத் தயாராக இருந்தது. அருள் எழுந்து மைக்கைப் பிடித்தான்.

"நடுவர் அவர்களே!"

"வீட்லயும் இப்படித்தான் கூப்புடுவீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவனால் தொடர முடிந்தது. "ஊரே அழிஞ்சி கெடக்கு. ஹெரானோட அம்மா ஆஸ்பத்திரியில கடைசி மூச்சு விடறாங்க. ஒடஞ்ச இறக்கையோட உள்ள வர்றான், இறக்கை கதவுல சிக்கிக்குது. அப்ப என்ன சொல்றான்? 'அம்மா, உன் புள்ள வருவான்னு தெரியும்ல, கதவப் பெருசா வைக்கச் சொல்லியிருக்கலாம்ல?' இதாங்க வசனம்! அழலாம்னு வந்த கண்ணீரு அப்படியே திரும்பிப் போயிருச்சிங்க!"

கோபிநாத் எழுந்தார். "நடுவர் அவர்களே, அந்தக் கொக்குப் படம் ஃபுல்லா இருட்டு. யாரு ஹீரோ யாரு வில்லன்னு தெரியாம அரை மணி நேரம் நான் வில்லனுக்குக் கைதட்டிட்டேன். அந்தக் கதவு ஜோக்கு வந்தப்பதான் தியேட்டர்ல உசுரோட இருக்கறம்னே தெரிஞ்சிது!"

"உங்க ஜோக்குலயும் அதே இருட்டுதான்" என்று எதிரணியிலிருந்து துர்கா கத்த, விசில் பறந்தது.

மெரினும் சிரித்தாள். ஆனால் கதவு, கதவு என்று இவர்கள் மாற்றி மாற்றி இழுப்பது அவளுடைய கதவு. அப்பாவை இதய அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போன அன்று, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஓடியபடி அவள் சொன்னாள்: "அப்பா, உன் பேண்ட்டு என் ஸ்கூட்டர் டிக்கியிலதான் இருக்கு. சீக்கிரம் வரலன்னா வித்துருவேன்." அப்பா சிரித்தார். கூட வந்த அத்தை மாதக் கணக்கில் அவளோடு பேசவில்லை. அப்பா பிழைத்து, இன்று முத்தியால்பேட்டையில் மீன்காரம்மாவோடு தினமும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த நிமிடத்தில் அவள் கையில் வேறு எதுவும் இருக்கவில்லை. கொக்கின் கையிலும் இருக்கவில்லை. மூன்றாவது முறை பார்த்தபோதுதான் கவனித்தாள்: ஜோக்கைச் சொல்லும்போது அவன் விரல்கள் கதவு நிலையைப் பிடித்தபடி நடுங்குகின்றன.

பலராமன் அவள் பக்கம் குனிந்தார். "தீர்ப்ப சொல்லிருங்கம்மா. வழக்கமா சொல்றதுதான். கண்ணீரும் கலகலப்பும் ரெண்டு கண்ணு மாதிரி, ரெண்டும் வேணும். முடிச்சா சோறு போடலாம்."

மெரின் மைக்கை வாங்கினாள்.

"நான் தூங்கல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"படத்துல நான் தூங்கல. அழுதுக்கினு இருந்தேன். அப்புறம் அரை நாள் லீவு போட்டுத் தனியா ரெண்டு தடவ போய்ப் பாத்தேன்."

"லீவு போட்டியா?" அருள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "என்ன விட்டுட்டா?"

"நீங்க வந்தா பக்கத்துல பேசிக்கினே இருப்பீங்க."

கூட்டம் கூரை பறக்கச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் முட்டியது. எது எதுவென்று பார்க்க அவள் நிற்கவில்லை. "அந்த ஜோக்கு படத்தக் கெடுக்கவும் இல்ல, தூக்கவும் இல்ல. சாகப்போற அம்மாவுக்குக் குடுக்க அவன்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. அதக் குடுத்தான். அவ்ளோதான்."

"அப்ப ஜோக்குதான முக்கியம்! எங்க அணி!" என்று துள்ளினார் கோபிநாத்.

"சோகம் சார் அது! எங்க அணி!" என்றான் அருள். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். இத்தனை வருடமும் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தது என்று இப்போதுதான் பார்ப்பவனைப் போல.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பலராமன் கைகூப்பினார். "அம்மா, ஒரே ஒரு வரி. ரெண்டும் வேணும்னு மட்டும் சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். பிரியாணி ஆறுது."

இவ்வளவு லேசாக அவள் எந்த மேடையிலும் நின்றதில்லை.

"மாட்டேன் சார்" என்றாள் மெரின், மைக்கை அவரிடமே நீட்டியபடி, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில். "அப்படிச் சொல்ல மாட்டேன். நீங்க சோறு போடுங்க."