அசையாத தண்ணீர்

தோழியின் வீட்டில் கண் விழித்த முதல் காலையில், கைகளை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. எழுந்ததும் சலவைப் பட்டறைக் கதவு, பாய்லர், ஈரத்துணி மூட்டை என்று ஓடிப் பழகிய உடம்பு. இங்கே நாலாவது மாடியில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர்கள் காயப்போட்ட வேட்டி. நீலத்தை அள்ளிப் போட்டிருந்தார்கள். அதைக் கவனிக்காமலும் இருக்க முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் படுடி. இங்க உன்னை எழுப்ப ஆளே கிடையாது" என்றாள் ஒட்டடை.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். அன்றைக்கு ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்ததால் வந்த பெயர். இப்போது ஆள் இரண்டு மடங்கு ஆகிவிட்டாள், பெயர்தான் இளைத்தபடியே நின்றது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு, "ஊரு ரத்தம் பார்க்கவே நேரம் பத்தலை, என் ரத்தத்தை வேற ஒருத்தன் குடிக்கணுமா?" என்பாள். இவளைச் 'சைரன்' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். அந்தக் காலத்தில் இவள் சிரித்தால் வார்டன் அறைவரை கேட்கும்.

"பிள்ளை பொறக்கட்டும் வரேன்னே. அது வளரட்டும் வரேன்னே. பட்டறை நிக்கட்டும் வரேன்னே. அது எப்பதான்டி நின்னுது?"

"அது எங்க நின்னுது? பொண்ணு பிடிச்சுத் தள்ளினா, வந்துட்டேன்."

மகள் தள்ளியதும் உண்மை, கணவர் சவால் விட்டதும் உண்மை. "போயிட்டு வாயேன். நீ இல்லைன்னா பாய்லர் பத்த மாட்டேன்னு அடம் பிடிக்குமா?" என்றார். அவளும் விடவில்லை. எந்தத் தங்கும் விடுதித் துணிக்கு எந்த மடிப்பு, கஞ்சி எந்த டப்பாவில், பின்கதவுப் பூட்டை எப்படித் தூக்கித் திருப்ப வேண்டும் என்று ஒரு வாரமாக இருவர் காதிலும் ஓதிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

காபியை வாயில் வைக்கும்போது மகளின் அழைப்பு வந்தது. பின்னால் உலர்த்தும் எந்திரத்தின் இரைச்சல்.

"அம்மா, கஞ்சி டப்பா கிடைச்சிருச்சு. நீ எப்படி இருக்கே? அத்தை நல்லா கவனிக்கறாங்களா?"

"நான் நல்லா இருக்கேன். அங்க வேலை நடக்குதா?"

"ஓகோன்னு நடக்குது. அப்பா ஒரே குஷி. காலையிலேர்ந்து பாய்லர் கண்ணாடியில தண்ணி நிறைஞ்சு நிக்குதாம், ஒரு நூல் அளவுகூட இறங்கலையாம். அம்மாதான் தொட்டதுக்கெல்லாம் பம்பைப் போட்டு கரண்டைக் கரியாக்குறா, நான் இன்னும் ஒரு தடவைகூட போடலைன்னு பஞ்சர் கடை மாமாகிட்டப் பீத்திக்கறாரு. சரிம்மா, உருளையில விரிப்பு சுருட்டிக்கிச்சு, வைக்கறேன்."

வைத்துவிட்டாள்.

அவள் காபியை ஒரு வாய் குடித்தாள். பிறகுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று வெளியே காட்டுவது, அதன் விலாவில் நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே கொதித்தால் கண்ணாடியிலும் தண்ணீர் துள்ள வேண்டும், ஆவி போகப் போக இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் அது செத்த தண்ணீர். கண்ணாடிக்குப் போகும் கீழ்த்துவாரத்தை உப்பு அடைத்துவிட்டது, கண்ணாடியில் நிற்பது பழையது, உள்ளே பாய்லர் வற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்காகத்தான் தினமும் காலையில் கண்ணாடியின் அடியிலிருக்கும் சின்னக் குழாயைத் திறந்து, சீறவிட்டு மூடுவாள். உப்பு அடித்துக்கொண்டு போய்விடும். அவர்களுடைய கிணற்றுத் தண்ணீருக்கு இரண்டு நாள் விட்டால் போதும், அடைத்துக்கொள்ளும். இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. முகம் கழுவுவதை யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? நெருப்பு அவர் பாடு, தண்ணீர் இவள் பாடு என்று கல்யாணமான புதிதில் பிரித்துக்கொண்ட வேலை. அவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, இவளும் கூப்பிட்டுக் காட்டியதில்லை. ஒரு வாரம் ஓதிய ஓதலில் இது வரவேயில்லை. நேற்று பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் அவளே அதைத் திறக்கவில்லை.

தண்ணீர் குறைந்தால், அடியில் எரியும் பர்னரைத் தானாக அணைக்கும் கருவி ஒன்றும் முன்பு இருந்தது. சும்மா சும்மா அணைக்கிறது என்று இருவரும் சேர்ந்துதான் அதன் ஒயரைப் பிடுங்கிப் போட்டார்கள்.

மகளுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கணவருக்கு அடித்தாள். அவர் போன் ஆணியில் தொங்கும் சட்டைப் பையில் கிடக்கும், அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. மறுபடி மகள். மறுபடி கணவர்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"பாய்லர்ல தண்ணி இல்லை. இருக்குன்னு நினைச்சு எரிச்சுக்கிட்டிருக்காங்க."

"ஐயோ, உடனே தண்ணி விடச் சொல்லு!"

"விட்டா செத்தாங்க!" அவள் கத்திய கத்தலில் ஒட்டடை ஒரு அடி பின்னால் போனாள். "இரும்பு பழுத்துக் கிடக்கும். அதுல பச்சைத் தண்ணி பட்டா அத்தனையும் ஒரே நொடியில ஆவியாகும். ஒரு சாயப்பட்டறையில அப்படித்தான் ஆச்சு. கூரைத் தகட்டை மரத்து மேலேருந்து எடுத்தாங்க. ஆளுங்களைப் பொறுக்கித்தான் எடுத்தாங்க."

ஒட்டடை தன் போனை எடுத்து, "உன் பொண்ணு நம்பரைச் சொல்லு, நானும் அடிக்கறேன்" என்றாள்.

பட்டறைக்கு எதிரே இருக்கும் பஞ்சர் கடைக்காரரை அப்போதுதான் நினைத்தாள். நம்பரைத் தேடுவதற்குள் விரல் நாலு இடத்தில் வழுக்கியது. நல்லவேளை, எடுத்தார்.

"அடடே, தங்கச்சி! போன இடத்துல சௌக்கியமா? உன் வீட்டுக்காரர் இங்க ராஜா மாதிரி..."

"அண்ணே, பேச நேரமில்லை. பட்டறைக்கு ஓடுங்க. பாய்லர் வத்திப் போச்சு. பர்னரை அணைக்கச் சொல்லுங்க. பம்பைத் தொடவே கூடாது. போனை வைக்காம, ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு ஓடுங்க!"

"வத்திப் போச்சா? தண்ணி நிறைய இருக்குன்னு இப்பதானே..."

"அண்ணே, உங்க கால்ல விழறேன், ஓடுங்க!"

வாளி உருளும் சத்தம். செருப்புச் சத்தம். ஒரு வண்டியின் ஹாரன், அதற்கு அவர் விட்ட வசவு. பிறகு பட்டறையின் இரைச்சல் காதை அடைத்தது. யாரோ யாரிடமோ கத்தினார்கள். கடைசியில் கணவரின் குரல் வந்தது, எரிச்சலோடு.

"என்ன இது கூத்து? அங்க போயும் நிம்மதியா உக்கார மாட்டியா? கண்ணாடியில கழுத்து வரைக்கும் தண்ணி நிக்குது, நான் என்ன குருடனா?"

"என்னங்க, அது பொய்த் தண்ணி. துவாரம் அடைச்சிருக்கு. முதல்ல பர்னரை அணைங்க."

"நாளைக் காலையில விடுதிக்கு அத்தனை விரிப்பும் போகணும். இப்ப அணைச்சா மறுபடி ஆவி ஏற மத்தியானம் ஆயிடும்."

"அணைங்கன்னா அணைங்க!"

"உனக்கு அவ்வளவு சந்தேகம்னா சரி, ரெண்டு நிமிஷம் பம்பைப் போட்டு விடறேன். அப்பவாவது வாயை மூடு."

பம்பு, பர்னர் இரண்டின் சுவிட்சும் ஒரே பலகையில், பக்கத்தில் பக்கத்தில். அதுவரை எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அவர் நடக்க ஆரம்பித்திருப்பார்.

"பாப்பா!" அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். ஒட்டடையின் மாடியில் இரண்டு கதவு திறந்தன. "பாப்பா! அப்பா கையைப் பிடி! பம்பைப் போட விடாதே! எல்லாரும் செத்துப் போவீங்க!"

போனில் ஒரே தள்ளுமுள்ளு. "விடு பாப்பா", "மாட்டேன்பா", "சொன்னாக் கேளு." பிறகு டக்கென்று ஒரு சத்தம்.

எல்லாம் நின்றது. உலர்த்தும் எந்திரம், துவைக்கும் எந்திரம், இஸ்திரி உருளை எல்லாம் இறங்கி இறங்கி அடங்கின.

"அம்மா." மகள் அழுதுகொண்டிருந்தாள். "மெயின் ஃபியூஸையே பிடுங்கிட்டேன்மா. பம்பும் போச்சு, பர்னரும் போச்சு, லைட்டும் போச்சு."

"என் கண்ணு. இப்ப எல்லாரும் வெளிய போங்க. ஒரு வால்வையும் திறக்காதீங்க. தெருவுக்கே போயிடுங்க. அப்பாவை இழுத்துக்கிட்டுப் போ."

"அம்மா, அது டிக் டிக்னு சத்தம் போடுதும்மா."

"போன்னு சொன்னேன்ல!"

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒட்டடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேஜைமேல் போன் கிடந்தது. அது அடித்தால் என்ன சொல்லும் என்ற பயம் ஒரு பக்கம், அடிக்காவிட்டால் என்ன ஆச்சோ என்ற பயம் இன்னொரு பக்கம். அவள் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். காபியில் ஆடை கட்டிவிட்டது. எதிர்வீட்டுக்காரி வந்து வேட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

உச்சி வெயிலில் கணவர் அழைத்தார். குரலில் காலையிலிருந்த ராஜா இல்லை.

"ஆறினதுக்கப்புறம் கண்ணாடியோட அடிக்குழாயைத் திறந்து பார்த்தேன். கண்ணாடியில இருந்தது மட்டும் கொட்டிச்சு. அதுக்கு மேல ஒரு சொட்டு வரலை. புகைக்குழாய் அடியில பெயிண்டெல்லாம் கொப்பளிச்சு உரிஞ்சிருக்கு."

"நீங்க ரெண்டு பேரும்?"

"தெருவுலதான் நிக்கறோம். பஞ்சர் கடையில." மறுபடி கோபம் தலைதூக்கியது. "இப்படி ஒரு விஷயம் இருக்குன்னு ஏன் சொல்லலை? ஒரு வாரம் பூட்டைப் பத்திச் சொன்னே, கஞ்சியைப் பத்திச் சொன்னே!"

"சொல்லலை. தப்புதான். நீங்க இத்தனை வருஷத்துல என்ன பண்றேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி, மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பு. நீ வந்தாத்தான் எதுவும் ஆகும்."

ஒட்டடை எழுந்துபோய் அவளுடைய பையைக் கட்டில்மேல் எடுத்து வைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இப்படி வந்தவளைத் திரும்ப அழைத்துக்கொள்வதைப் பார்த்துப் பழகியவள் மாதிரி ஜிப்பைத் திறந்தாள்.

"நான் வரலை" என்றாள் அவள், போனில்.

"என்னது?"

"வந்து என்ன பண்ணப் போறேன்? இரும்பு பழுத்திருக்கு. பாய்லர் ஃபிட்டர் வந்து உள்ள பார்த்துச் சரின்னு சொல்றவரைக்கும் அதைப் பத்த வைக்க முடியாது. நான் பக்கத்துல நின்னா மட்டும் பழுத்த இரும்பு பழையபடி ஆயிடுமா? விடுதிக்காரருக்கு நீங்களே போன் பண்ணி, துணி லேட்டாகும்னு சொல்லுங்க. திட்டுவாரு. வாங்கிக்கோங்க. நானும் எத்தனையோ தடவை வாங்கியிருக்கேன்."

"நீ பேசினா அவர் கேப்பாருடி."

"உங்களுக்கும் வாய் இருக்குல்ல? காலையில ஊருக்கே கேட்டுச்சே."

மகள் போனை வாங்கினாள். "நீ இரும்மா. நான் அப்பாவைப் பார்த்துக்கறேன்" என்றாள். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது.

போனை வைத்தபின்தான் அவள் உடம்பு ஆட ஆரம்பித்தது. எழப் போனாள், முழங்கால் மடங்கியது. ஒட்டடை ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்து நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் டம்ளரை வாயில் வைத்துப் பிடித்தாள். பாதி தாடையில் வழிந்தது.

"இன்னிக்கு ஊர் சுத்த எங்கயும் போக வேணாம்டி. வீட்டுலயே இருக்கலாம்."

"போகணும்" என்றாள் அவள். பல் அடித்துக்கொண்டதில் வார்த்தை இரண்டாக உடைந்தது. "இந்தக் காலு ஆடறது நிக்கட்டும். போகலாம்."