ஆறு கட்டு நூல்

அன்று காசிராஜனின் நூல் கடைக்குள் இருந்தவர்கள்: காசிராஜன், அவர் மனைவி தங்கம்மாள், நாற்பது தறி வைத்திருக்கும் பாலையா, ஒற்றைத் தறிக்காரி சௌடம்மாள். வெளியே வெயிலில் நின்ற நெசவாளிகளை யாரும் எண்ணவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் நூல் கட்டுப்பாடு முடியவில்லை. இருபத்தாறு நாள் கழித்து அன்றுதான் நூல் வண்டி வந்தது. இறக்கினால் ஆறே கட்டு. கடையில் எத்தனை தறி பதிந்திருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் சர்க்கார் அடுத்த மாத நூலை ஒதுக்கும். தறிகள் வேறு கடைக்குப் போனால் கடை போயிற்று. அதனால் பாலையாவைக் காசிராஜன் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டார். இருக்கிற ஒரே நாற்காலி அவருக்கு. கோலி சோடா அவருக்கு. கூட்டத்தில் இடிபடாமல் பின்வாசல் வழியாக வந்து, அளவுக் கணக்கில்லாமல் கேட்ட நூல்கட்டை எடுத்துப் போகலாம். அவர் கோபித்துக்கொண்டால் நாற்பது தறியும் ஒரே நாளில் போகும். மற்றவர்கள் ஒற்றைத் தறி. ஒன்று போனால் ஒன்றுதான். இரண்டு வருஷமாகக் காசிராஜன் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“ஆறும் எனக்கு,” என்றார் பாலையா.

சௌடம்மாள் நகரவில்லை. “அண்ணாச்சி, எங்க தெருவுல பதினாலு தறியில பாவு பாதியில நிக்கிது. குறுக்க ஓட்டுற ஊடைக்கு நூல் இல்ல. இதே மில்லு நூலப் போட்டாத்தான் சேலை ஒண்ணுபோல வரும். வேற போட்டா பட்டையடிக்கும். எவன் வாங்குவான்?”

“அடுத்த வண்டியில பாப்போம்மா.”

“போன வண்டிக்கும் இதத்தான் சொன்னீக.”

பாலையா அவளைப் பார்த்து வீட்டுப் பேச்சில், கன்னடத்தில், இரண்டு வசவு வார்த்தை சொன்னார். காசிராஜனுக்குப் புரியவில்லை. வாசலில் நின்றவர்களுக்கும் அதுதான் வீட்டுப் பேச்சு; புரிந்தது. முன்னால் நின்ற ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

சௌடம்மாள் மடியிலிருந்து தறி பதிந்த கார்டை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தாள். “எம் பேர அடிச்சுருங்க. நாங்க பாலவனத்தத்துக் கடையில எழுதிக்கிறோம்.”

“நாங்கன்னா யாரு? நீயும் உன் தறிக்கட்டையுமா?” பாலையா சிரித்தார்.

வாசலிலிருந்து ஒரு கை கார்டோடு நீண்டது. பிறகு இன்னொன்று. தட்டு தாழ்ந்து பலகையைத் தொட்டது. பாலையாவின் நாற்பதைத் தாண்டியும் கார்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. எந்த நூல் வந்தாலும் இவர்கள் அவளிடம்தான் நீட்டுவார்கள். அவள் இழையைக் காதருகே பிடித்துச் சுண்டி அறுப்பாள். அவள் தலையாட்டினால்தான் வாங்குவார்கள். அதைக் காசிராஜன் ஒரு பொம்பளையின் கிறுக்குத்தனம் என்று விட்டிருந்தார். தங்கம்மாள் விட்டிருக்கவில்லை.

“அவுக உங்க கடைக்கா வந்தாக? அவ வந்தா, பின்னாலயே வந்தாக,” என்றாள் புருஷனிடம், குரலைத் தாழ்த்தாமல்.

காசிராஜன் தட்டையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். “சௌடம்மா, எல்லாரையும் கார்ட எடுத்துக்கச் சொல்லு. கட்டப் பிரி. யாருக்கு எவ்வளவுன்னு நீயே சொல்லு.”

பாலையா எழுந்தார். “காசிராஜா, இந்தப் பின்வாசல் வழியா எத்தனை கட்டு போச்சுன்னு சப்ளை ஆபீசுல சொல்லட்டுமா?”

“சொன்னா ரெண்டு பேருந்தான் மாட்டுவோம், செட்டியாரே.”

“அங்க எனக்குத் தெரிஞ்சவுக இருக்காக. உனக்கு யாரு இருக்கா?”

சௌடம்மாள் கட்டின் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

“சோடா குடிச்சாச்சுல்ல,” என்றாள் தங்கம்மாள். “வாங்க, வழி விடுறேன்.”

பாலையா யாரையும் பார்க்காமல் பின்கட்டுக்கு நடந்தார். அவர் படியிறங்கியதும் தங்கம்மாள் கதவைச் சாத்தினாள். தாழ்போட்டுப் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருகினாள். சாவியை உருவாமல் அப்படியே நின்று காதுகொடுத்துக் கேட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் இன்னும் கிளம்பவில்லை; பாலையா போகவில்லை.