செம்பு வளையம் பிடித்த இரைச்சல்

பெருமாள்புரத்தில் இருக்கும் பொருநை கார்டன் அடுக்குமாடியில் கார்டன் என்று சொல்ல வாசலில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகள் உண்டு. பொருநை என்று சொல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஐந்தரைக்குக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் உண்டு. பதினாறு வீடுகள். அந்தப் பதினாறு வீட்டிலும் ஒரு காரியத்தை ஒழுங்காக யோசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று, மூன்றாவது மாடிக்குக் குடிவந்த ஒரே மாதத்தில் நீலாம்பாள் முடிவுகட்டிவிட்டாள்.

அவள் தொலைபேசித் துறையில் முப்பத்து மூன்று வருடம் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவள். அமெச்சூர் ரேடியோவில் பேசுவதற்கான அரசாங்க லைசென்ஸ் இருபது வருடமாக அவளிடம் இருக்கிறது. டவுனில் இருந்த பழைய வீட்டை விற்றதில் அவளுக்குத் துளி வருத்தம் கிடையாது. ஈரச் சுவரும் எலியும் போய்த் தொலைந்ததே என்று இருந்தது. மொட்டைமாடி போனதுதான் உறுத்தல். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னை மரத்துக்கும் இடையில் இருபது மீட்டர் கம்பியைக் கட்டி, அதையே ஆண்டெனாவாக வைத்துக்கொண்டு இலங்கையோடும் ஜப்பானோடும் பேசியவள்.

இங்கே மொட்டைமாடிக்குப் பூட்டு. சாவி, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் மந்திரமூர்த்தியிடம். டைல்ஸ் கடை வைத்திருப்பவர், தரைத்தளத்து வீட்டுக்காரர்.

"கம்பியெல்லாம் கட்டுனா அழகு கெட்டுரும்க்கா" என்று சொல்லிவிட்டார்.

மாடியில் உடைந்த நாற்காலிகளும், நனைந்து மட்கிய பாய்களும், யாரோ வேண்டாமென்று போட்ட ஒரு வாஷ்பேசினும் கிடந்தன. அந்த அழகைக் கெடுக்க நீலாம்பாளுக்கும் மனமில்லை. மிச்சம் இருந்தது எட்டடிக்கு நாலடி பால்கனி.

ஏ.சி. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் செம்புக் குழாயை மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூட வாங்கினாள். குறுக்கே ஒரு மீட்டர் வரும்படி வட்டமாக வளைத்தாள். மேலே வாய் சேராமல் விட்ட இடத்தில், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும் கேங் கண்டென்சர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தாள். கீழே, உள்பக்கமாக ஒரு சின்ன வளையம். அதிலிருந்து ரேடியோவுக்கு வயர். எல்லாவற்றையும் தாங்க ஒரு பிளாஸ்டிக் குழாய்க் கம்பம். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் சங்கரசுப்பிரமணியன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி இது, முறுக்குச் சுத்துன மாதிரி?"

"தின்ன முடியாது. உங்களுக்குப் பிரயோஜனமில்ல."

அந்த வளையத்தை மெனக்கெட்டுத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். கண்டென்சர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் குரல் காணாமல் போகும். கையைக் கிட்டே கொண்டுபோனாலே இடம் மாறிவிடும். அதனால் ஒட்டடைக் கம்பின் நுனியில் ஒரு குமிழைப் பொருத்தித் தள்ளி நின்று திருப்பினாள். மூன்றாம் நாள் காலை, ஏழு மெகாஹெர்ட்ஸில், ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜேசுதாசன் கிடைத்தார்.

"நீலாக்கா, மணி மாதிரி கேக்கு! என்ன ஆண்டெனா?"

"பால்கனில ஒரு மீட்டர் வளையம். பத்து வாட்."

"சும்மா சொல்லாதீங்க."

நீலாம்பாள் அன்று காலை இரண்டாவது காபி குடித்தாள். அது அவளைப் பொறுத்தவரை திருவிழா.

இரண்டு வாரம் கழித்து மந்திரமூர்த்தி கையில் ஒரு காகிதத்தோடு படியேறி வந்தார். லிப்ட் இருக்கும்போது படியேறி வருகிறவர் ஏதோ தியாகம் செய்ய வந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அக்கா, தப்பா நெனைக்கக் கூடாது. இதுல இருந்து கதிர்வீச்சு வருதுன்னு சொல்லுதாவ."

"யாரு சொல்லுதா?"

"எல்லாரும்தான். ரெண்டாவது மாடி விஜயஸ்ரீக்கு ஒரு வாரமாத் தலைவலி. கூடங்குளத்துக்காரவளே நிம்மதியா இருக்காவ, நம்ம தலைக்கு மேல எதுக்கு இந்த வளையம்னு கேக்கா. லிப்ட் வேற ரெண்டு தடவை நின்னுட்டு. எங்க வீட்டு மிக்ஸிகூட ஒரு மாதிரி சுத்துது."

விஜயஸ்ரீ தனியார் வங்கி ஒன்றில் வேலை பார்ப்பவள். செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். அதை அவளே ஒருநாள் லிப்டில் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க வாசல்ல எரியுத பல்பு எத்தன வாட்?"

"அது இருவது இருக்கும்."

"இது பத்து. அந்தப் பல்பைப் பாத்தா உங்களுக்குத் தலை வலிக்கா?"

"அது வெளிச்சம்லாக்கா" என்றார் மந்திரமூர்த்தி, ஒரு குழந்தைக்கு விளங்க வைக்கிற பொறுமையோடு. காகிதத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு, அதற்குள் பொருளை அகற்றாவிட்டால் தீர்மானம் போட்டு அகற்றப்படும் என்று அதில் இருந்தது. 'ஆண்டெனா' என்று எழுதத் தெரியாமல் 'ஆன்டானா' என்று எழுதியிருந்தார்கள். நீலாம்பாள் சிவப்பு மையில் திருத்தி, மின்காந்த அலைக்கும் அணு உலைக்கும் என்ன வித்தியாசம் என்று பின்பக்கத்தில் நாலு வரி எழுதித் திருப்பி அனுப்பினாள்.

"எடுத்துரேன் நீலா" என்றார் சங்கரசுப்பிரமணியன். "நாளைக்கு நாலு பேரு மூஞ்சில முழிக்காண்டாமா?"

"முழிச்சு என்னத்தக் கண்டீய இதுவரைக்கும்?"

அந்த வாரத்தில்தான் இரைச்சல் அவளுக்கு உறைத்தது. காலை ஐந்தரைக்கு ரேடியோவைப் போட்டால், பல்லை நறநறவென்று கடிப்பதுபோல ஒரு சத்தம் ஏழு மெகாஹெர்ட்ஸ் முழுக்க. ஜேசுதாசன் குரல் அதற்கடியில் எங்கோ கிடக்கும். ஆறரைக்குப் பட்டென்று நின்றுவிடும். மறுநாள் இருக்காது. அதற்கு மறுநாள் திரும்ப வரும். முதலில் தன்னுடைய வேலையில்தான் கோளாறு என்று நினைத்து எல்லா இணைப்பையும் பிரித்துப் பற்றவைத்தாள். பிறகு தேதிகளை எழுதி வைத்துப் பார்த்தாள். சத்தம் வந்த நாள் எல்லாம் ஆற்றுத் தண்ணீர் வந்த நாள்.

"மணிராஜ், கீழ்த் தொட்டி மோட்டாரை எத்தன மணிக்குப் போடுத?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"தண்ணி நின்ன பொறவு, ஏழு மணிக்குத்தாம்மா."

அப்படியானால் ஐந்தரைக்கு ஓடுவது வேறு ஏதோ ஒன்று.

அந்தச் சின்ன வளையத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் விளிம்பு காட்டும் பக்கத்தில் சத்தம் நன்றாகக் கேட்கும். முகத்தை நேராகத் திருப்பினால் அந்தத் திசைச் சத்தம் அப்படியே அடங்கிவிடும். அடங்குகிற இடத்தைப் பிடித்துவிட்டால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். மொட்டைமாடியில் கட்டிய நீளக் கம்பிக்கு இந்தச் சாமர்த்தியம் வராது. வெள்ளிக்கிழமை விடிகாலை, தண்ணீர் நாள், நீலாம்பாள் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவைத் தோளில் மாட்டி, வளையத்தைக் கம்பத்தோடு தூக்கிக்கொண்டு லிப்டில் இறங்கினாள்.

கார் நிறுத்துமிடத்தில் நின்று வளையத்தைப் பையத் திருப்பினாள். சத்தம் ஓரிடத்தில் செத்தது. பத்தடி தள்ளிப்போய்த் திருப்பினாள். இரண்டு இடத்திலும் வளையத்தின் முகம் காட்டிய கோடு கட்டடத்தின் பின்மூலையில் போய்ச் சேர்ந்தது. அங்கே மந்திரமூர்த்தி வீட்டு அடுப்படிச் சுவர். அதை ஒட்டி விற்காத டைல்ஸ் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டிருந்தது. கிட்டே போகப் போக ரேடியோ கத்தியது. அதை அணைத்துவிட்டுக் காதை வைத்தாள். பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மோட்டார் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. தார்ப்பாயைத் தூக்கினாள். தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயில், பொதுத் தொட்டிக்குப் போவதற்கு முன்பே ஒரு கிளை பிரிந்து மோட்டாருக்குள் போயிற்று. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மின்னணுப் பெட்டி வைத்த மலிவான மோட்டார். அந்தப் பெட்டிதான் நறநறக்கிறது.

மணிராஜ் பின்னாலேயே வந்து நின்றான்.

"மணிராஜ், இது என்ன?"

"எனக்குத் தெரியாதும்மா. அது அண்ணாச்சி வீட்டுச் சங்கதி."

"எவ்வளவு நாளாத் தெரியாது?"

"ரெண்டு வருசமாத் தெரியாதும்மா."

அந்தக் கோடை முழுக்கப் பொதுத் தொட்டியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் சேரவில்லை. மற்றப் பதினைந்து வீட்டாரும் லாரித் தண்ணீர் வாங்கினார்கள். 'ஆத்துல தண்ணி இல்ல, என்ன செய்ய' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டவர் மந்திரமூர்த்தி.

நீலாம்பாள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னால் அவர் அன்று சாயங்காலமே செயலாளரிடம் போய் முன்கூட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுவார்.

ஞாயிறு காலை கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூடினார்கள். மந்திரமூர்த்தி கதிர்வீச்சைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். குருவிகள் அழிந்தது, மக்களின் ஞாபகமறதி, முருங்கை காய்க்காதது எல்லாவற்றுக்கும் காரணம் மூன்றாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. விஜயஸ்ரீ நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "எனக்கு இப்பவும் வலிக்கி" என்றாள்.

"வளையத்தை நேத்தே வயரைக் கழத்திக் கீழ இறக்கியாச்சும்மா" என்றாள் நீலாம்பாள். "அந்தா தூணுக்குப் பின்னால சாத்தி வச்சிருக்கேன். செத்த கம்பி அது. சரி, எல்லாரும் ஒரு நிமிசம் எங்கூட வாங்க." வளையத்தையும் பேட்டரி ரேடியோவையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

போனார்கள். மந்திரமூர்த்தி, "அங்கன எதுக்குக்கா, பாம்பு கீம்பு கெடக்கும்" என்று பின்னால் ஓடிவந்தார். அவள் தார்ப்பாயை உருவினாள். சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டாள். மோட்டார் முனகியது. ரேடியோவில் வளையத்தை மாட்டியதும் அது கூட்டத்தின் காதைக் கிழித்தது. வளையத்தின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள், அடங்கியது. சுவிட்சை அணைத்தாள்.

"உங்க லிப்ட் கோளாறு எனக்குத் தெரியாது. என் ரேடியோவக் கெடுத்தது இது. உங்க தண்ணியக் குடிச்சதும் இதுதான்."

மந்திரமூர்த்தியின் மேலுதட்டில் வேர்வை பூத்தது. "அவசர ஆத்திரத்துக்குன்னு வச்சது..." என்று இழுத்தார். அடுத்த நிமிடம் இங்கே பிரளயம் வரப்போகிறது என்று நீலாம்பாள் காத்திருந்தாள். சட்டையைப் பிடிக்கத் தோதாக இருக்கட்டும் என்று ஒரு அடி விலகியும் நின்றாள்.

விஜயஸ்ரீதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, இது ரெண்டாவது மாடிக்கு ஏத்துமா?"

மந்திரமூர்த்தி அவளை ஒரு கணம் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. "மூணாவது மாடிக்கே ஏத்தும்மா."

"எங்கன வாங்குனீய?"

"ஜங்ஷன்ல. நம்ம பேரைச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குழாய் எந்த அளவு, சத்தம் வருமா, கரண்டு எவ்வளவு இழுக்கும். பொதுக்குழு ஒரு மணி நேரத்தில் ஒரே தீர்மானத்தில் எல்லாவற்றையும் முடித்தது: உறுப்பினர்கள் தத்தம் வசதிக்காக வைத்துக்கொள்ளும் மோட்டார், ஆண்டெனா முதலிய சாதனங்களுக்குச் சங்கம் ஆட்சேபம் தெரிவிக்காது. இந்த முறை 'ஆண்டெனா'வைச் சரியாக எழுதியிருந்தார்கள். மந்திரமூர்த்தி நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

"பாத்தீங்களாக்கா, ஒங்களுக்கும் சாதகமாவே முடிஞ்சுட்டு."

"திருட்டுக்குப் பக்கத்துல எதுக்கு என் ஆண்டெனாவ உக்கார வைக்கீய?" என்றாள் நீலாம்பாள். "நான் அரசாங்கத்துல பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கேன். எனக்கு ஒங்க ஆட்சேபமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்." பேனாவை வாங்கவில்லை.

அன்றே மாநகராட்சிக்கு மனு எழுதினாள். கதவு எண்ணைப் போடாதே என்று சங்கரசுப்பிரமணியன் கெஞ்சினார். கதவு எண்ணோடு லைசென்ஸில் தந்த ரேடியோ அழைப்புக் குறியையும் சேர்த்துப் போட்டாள். ஆட்கள் வந்தார்கள், மந்திரமூர்த்தியின் கிளைக் குழாயை வெட்டி அடைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் ரேடியோவில் காற்று சுத்தமாக இருந்தது. மூன்றாவது வாரம், தண்ணீர் வராத நாளிலும் குழாயில் கிடந்த மிச்சத்தை உறிஞ்ச, ஐந்து இடத்திலிருந்து நறநறத்தது. வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்று அடங்கினால் நான்கு கத்தின. மாடிப்படியில் யாரும் அவளிடம் பேசுவதில்லை. அதை அவள் ஒரு சௌகரியமாகவே எடுத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் இப்படியே போனபின், ஒரு ராத்திரி சாப்பிடும்போது சங்கரசுப்பிரமணியன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் வச்சாச்சு. நமக்குத்தான் குழாய்ல சொட்டுக்கூட ஏற மாட்டேங்கு. நாமளும் ஒண்ணு..." என்றார்.

நீலாம்பாள் மோர்ப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மந்திரமூர்த்தியையும் விஜயஸ்ரீயையும் நினைத்து அவளுக்குச் சிரிப்புத்தான் வந்திருந்தது. இவர் சொன்னது வலித்தது. இப்படி வலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலை வளையத்தைக் கம்பத்திலிருந்து கழற்றி, பழைய சேலையில் சுற்றி, கம்பம், ஒட்டடைக் கம்பு, ரேடியோ எல்லாவற்றோடும் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். சங்கரசுப்பிரமணியன் பேட்டரியைச் சுமந்துகொண்டு படியிறங்கி வந்தார். சட்டையை மாற்றித் திருநீறு பூசியிருந்தார்.

"எங்கன போறோம்?"

"நான் குறுக்குத்துறைக்குப் போறேன்."

அவர் பேட்டரியை மடியில் வைத்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவள் இறங்கச் சொல்லவில்லை.

படித்துறைக்குச் சற்று மேலே, மருத மரத்தடியில் கம்பத்தை ஊன்றினார்கள். குளிக்க வந்த ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டே நின்று பார்த்தார். "இது மீன் பிடிக்கவா?" என்று கேட்டார். நீலாம்பாள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சங்கரசுப்பிரமணியன், "இல்ல வே, ரேடியோ. நாடு விட்டு நாடு பேசலாம். பத்து வாட்தான்" என்றார். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாட்டைச் சரியாகச் சொல்லிவிட்டாரே.

ரேடியோவைப் போட்டாள். நறநறப்பு இல்லை. காற்றின் இயல்பான மெல்லிய இரைச்சல், அதற்குள் தூரத்துக் குரல்கள். ஒட்டடைக் கம்பை நீட்டிக் குமிழைப் பையத் திருப்பினாள்.

"அக்கா! எங்க போயிட்டீங்க, ஒரு மாசமா?" என்றார் ஜேசுதாசன். "பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி கேக்கு. எங்கன இருக்கீங்க?"

"ஆத்தங்கரையில. வீட்ல அஞ்சு மோட்டார் ஓடுது."

"இங்கயும் தெருவுக்கு மூணு ஓடுதுக்கா" என்று அவர் சிரித்தார். "எல்லாரும் நல்லவங்கதான். தண்ணிதான் கெட்டது போல."

சங்கரசுப்பிரமணியன் காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நானும் ரெண்டு வார்த்தை பேசட்டுமா?" என்றார்.

"லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல."

"அப்ப பேசாம கம்பத்தப் பிடிங்க. பரீட்சைப் புத்தகம் வீட்ல இருக்கு. சாயங்காலம் தாரேன்."

அவர் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறும்வரை அவள் பேசிக்கொண்டிருந்தாள்.