பி.டி. வரிசையில் எட்டாம் எண்

ஆலங்கேணி நகராட்சி எல்லைக்குள் ஒரு சுருக்கப் பெயருக்கு எத்தனை விரிவு உண்டோ, அத்தனையும் நடக்கும். ஒன்றை நடத்திவிட்டு மற்றதை விட்டுவிடுவது கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்று. முதலில் பதிவு செய்த விரிவுக்கு முதல் உரிமை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இதில் குழம்ப ஒன்றுமே இல்லை. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள்கூட மூன்றே மாதத்தில் பழகிக்கொள்கிறார்கள்.

ஆகவே, அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டை இழுத்து 'பி.டி.' என்று மட்டும் கிறுக்கித் தள்ளியபோது, பதினான்காம் நம்பர் டவுன் பஸ் டிரைவர் ஆவுடையப்பன் அதை மறுபடி டாக்டர் பக்கமே தள்ளினார். அவருடைய வலது தோள் இறுகிப்போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. கை இடுப்புக்கு மேலே எழும்பாது. சட்டை போட்டுவிடுவதும் தலை சீவிவிடுவதும் மனைவி செண்பகம்தான். பிசியோதெரபி செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் வாயால் சொன்னார். எழுதும்போது மட்டும் பி.டி.

"ஐயா, அதைக் கொஞ்சம் முழுசா எழுதிருங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒரு நாளைக்கு முந்நூறு சீட்டு எழுதுதேன். எல்லாத்தையும் முழுசா எழுதினா என் கையும் உங்க கை மாதிரி ஆயிரும். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

நியாயம்தான். டாக்டருடைய கை முக்கியமில்லையா?

பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு டிப்போவில் பரீட்சை. கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும், ஸ்டியரிங்கை முழு வட்டம் ஒடித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் டிரைவர் வேலை போய், பஸ் கழுவுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய வண்டி அது. மூன்றாவது கியரில் அது போடுகிற முனகலை வைத்தே மழை வருமா வராதா என்று சொல்லிவிடுவார். இப்போது அந்த சீட்டில் இசக்கிப்பாண்டி என்று ஒரு தற்காலிக டிரைவர் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்த முதல் நாளே கண்ணாடிக்கு மேலே பிளாஸ்டிக் திராட்சைக் கொத்தைத் தொங்கவிட்டுவிட்டானாம். அதைக் கேள்விப்பட்ட அன்று ஆவுடையப்பன் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

நகராட்சி விரிவாக்கப் பிரிவில் ஜெபக்கனி என்ற பெண் இருந்தார். சிரித்த முகம். அந்தச் சிரிப்புக்காகவே பாதிப் பேர் சண்டை போடாமல் திரும்பிவிடுவார்கள். அவர் சீட்டை வாங்கிப் பார்த்து, நோட்டைப் புரட்டினார்.

"பி.டி.க்கு மொத்தம் எட்டு விரிவு அண்ணாச்சி. பிசியோதெரபி கடைசி, எட்டாம் எண். பத்தாம் தேதி ஆரம்பிச்சா, நடுவுல ஒரு ஞாயிறு போக, பதினெட்டாம் தேதி உங்களுக்கு எட்டு வந்துரும். பத்தொன்பதுதானே பரீட்சை? ஒரு நாள் மிச்சமே இருக்கே!"

"கடைசி எண்ணை முதல்ல விட முடியாதாம்மா?"

"மத்த ஏழு பேரும் மனசு கஷ்டப்படுவாங்கல்லா?"

பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு வாசலில் விசில் சத்தம் கேட்டது. அரைக்கால் சட்டையில் பி.டி. மாஸ்டர் நின்றார். ஆவுடையப்பனைத் தெருவில் இறக்கி, முட்டிபோட்டு எழச் சொல்லி, நாலு சுற்று ஓடவிட்டார். கையைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை என்றதற்கு இன்னும் இரண்டு சுற்று. சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

பதினொன்றாம் தேதி பி.டி. டீச்சர் வந்து ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மூன்று பாடம் நடத்தினார். இடது கையால் எழுதியதற்கு எழுத்து அழகில்லை என்று இரண்டு மார்க் குறைத்தார்.

பன்னிரண்டாம் தேதிதான் கொஞ்சம் தொந்தரவு. தார் போட்ட ரோட்டுக்கு என்ஜினீயர்கள் வைத்த பெயர் பி.டி. ரோடு. ஜல்லி லாரியும் உருளையும் வந்து, தெருவிலிருந்து வாசல் வழியாக, ஹால் வழியாக, ஆவுடையப்பனுடைய கட்டில் கால் வரைக்கும் ரோடு போட்டார்கள். உருளை உள்ளே வருவதற்காக முன்சுவரை இடித்தார்கள். குறை சொல்லக்கூடாது, வேலை நல்ல வேலை. இரண்டு ஓரத்திலும் வெள்ளைக்கோடு வேறு. ஊருக்குள் மூன்று வருஷமாகக் குண்டும் குழியுமாகக் கிடக்கிற பஜார் ரோட்டுக்கு இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அதன் பெயரை யாரும் சுருக்கவில்லை போலிருக்கிறது.

"இனிமே வீட்டுக்குள்ள செருப்போட வராதீங்கன்னு ஒருத்தரையும் சொல்ல முடியாது," என்றாள் செண்பகம். அவளுக்கு அதுதான் வருத்தம்.

அடுத்த நாள் கொல்லையில் பி.டி. பருத்தி விதைத்தார்கள். சாயங்காலத்துக்குள் வெடித்துவிட்டது. செண்பகம் இரண்டு தலையணைக்குப் பஞ்சு எடுத்துக்கொண்டாள். பதினான்காம் தேதி பார்ட் டைம். பத்து மணிக்கு ஒருவர் வந்து, மூன்று மணி நேரம் ஆவுடையப்பனாக இருந்தார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார், அவருடைய பரீட்சையை நினைத்துக் கவலைப்பட்டார், அவருடைய மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உப்பு குறைச்சல் என்று செண்பகத்திடம் சண்டையும் பிடித்தார். ஒரு மணி ஆனதும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். மீதிச் சண்டையை ஆவுடையப்பன் போட வேண்டியதாயிற்று.

பதினைந்தாம் தேதி பிளட் டெஸ்ட். வீட்டிலிருந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் என்று எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். எல்லோருக்கும் நார்மல்.

ஞாயிறு கழிந்தது. இன்னும் இரண்டே நாள். ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. திங்கட்கிழமை ஏழாம் எண் யாரோ என்று முகம் கழுவிக் காத்திருந்தார். பத்து மணி வரைக்கும் ஒருவரும் வரவில்லை. பதறிப்போய் ஜெபக்கனியிடம் ஓடினார்.

"ஏழாம் எண் நீங்கதான் அண்ணாச்சி," என்றார் ஜெபக்கனி.

அவர்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், டிப்போவில் எல்லோரும் 'பி.டி. அண்ணன், பி.டி. அண்ணன்' என்று கூப்பிடுகிறார்களே என்ற பெருமையில், பிள்ளையார்குளம் தங்கையா மகன் ஆவுடையப்பன் என்ற தன் இனிஷியலை அவரே மனுப் போட்டுப் பதிவு செய்திருந்தார். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியும் வைத்திருந்தார். பிசியோதெரபிக்காரர் அதற்கு அடுத்த வாரம்தான் பதிவு செய்தார். யாருக்கு அவசரம் இருந்தது என்று இப்போது கேட்டு என்ன பிரயோஜனம்?

அன்றைக்கு அவர் கொல்லைப்பக்கமாக வெளியேறி, தெருவைச் சுற்றி வந்து, தன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். செண்பகம் உள்ளே வரச்சொல்லி மோர் கொடுத்தாள். ஐந்து மணி வரை விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்ததற்கு ஒரு கையெழுத்தும் வரப்பெற்றதற்கு ஒரு கையெழுத்தும் போட்டார்.

ஆறு மணிக்கு நகராட்சிப் பியூன் ஓர் உத்தரவு கொண்டுவந்தார். நாளை, பதினெட்டாம் தேதி, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, கீழரத வீதி பதினோராம் எண் வீட்டில் ஏழாம் எண்ணாக ஆஜராகவும். அந்த வீட்டுக்காரருக்கும் டாக்டர் பி.டி. எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்குப் பட்டியல் பதினொன்றாம் தேதி தொடங்கியதாம்.

ஆவுடையப்பன் மறுபடி ஓடினார். ஜெபக்கனி பையைத் தோளில் மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத்தானே என் வீட்டுக்கு எட்டு வருது! நான் வேற வீட்டுல போயி உக்காந்தா, என் கையை யாரு பாப்பா? நாளைக்கு விட்டா அதுக்கு மறுநாள் பரீட்சைல்லா!"

"போகலைன்னா உங்க பதிவை ரத்து பண்ணிருவாங்க."

"தாராளமா பண்ணட்டும்!"

"ரத்தானா இனிஷியல் போயிரும். வெறும் ஆவுடையப்பன் ஆயிருவீங்க. அப்படி ஒரு ஆளு டிப்போவுல வேலைக்கே சேரலையே அண்ணாச்சி. பரீட்சைக்கு யாருன்னு உள்ள விடுவாங்க?"

சிரித்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து, டிவிக்கு மேலே மாட்டியிருந்த சட்டத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாள் கீழரத வீதி பதினோராம் எண் வீட்டு வாசலில் ஒரு போர்டு இருந்தது. 'காந்திமதிநாதன், பிசியோதெரபி'. ஆவுடையப்பன் அதை இரண்டு முறை படித்தார். ஊருக்கு இருந்ததே அந்த ஒரு பிசியோதெரபிக்காரர்தான். கதவைத் திறந்தவருக்கும் வலது கை இடுப்போடு ஒட்டிக் கிடந்தது.

"நீங்க எத்தனாவது?"

"ஏழு."

"வாங்க, உக்காருங்க. ஊரார் கையெல்லாம் இழுத்து இழுத்து என் தோளும் பிடிச்சுக்கிட்டுது. டாக்டர்ட்ட போனேன், பி.டி.ன்னு எழுதிட்டாரு. நாளைக்கு எனக்கு எட்டு. நான் எனக்கு வாரேன்."

"இன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்குல்லா வரணும்?"

"ஏழாம் எண் வரும்போது வீட்டுல ஆள் இருக்கணும்னு உத்தரவு. உங்களை வரவேற்கத்தான் இங்க இருக்கேன்."

இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இல்லை. காந்திமதிநாதன் தொழில் கண்ணோடு ஆவுடையப்பனுடைய தோளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய இடது கை துறுதுறுத்தது.

"பிடிச்சு ஒரே திருப்பு. மூணு நிமிஷ வேலை. விட்டுரும்."

"அப்ப திருப்பி விடுங்களேன்! நாளைக்குப் பரீட்சை, சாமி. உங்க காலை வேணும்னாலும் பிடிக்கேன்."

"உங்க வீட்டுலன்னா செய்யலாம். இங்க நீங்க ஏழு. ஏழை எட்டு தொட்டா, ரெண்டும் ஒரே நாள்ல நடந்ததா ஆயிரும். எனக்கும் பட்டியல் கெடும், உங்களுக்கும் கெடும். சுக்கு காபி சாப்பிடுதியளா?"

சாப்பிட்டார்கள். ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது. காந்திமதிநாதன் ஆறுதலாக முதுகைத் தட்டிக்கொடுக்க வந்தவர், தோளுக்குப் பக்கம் என்பதால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவ்வளவு நேர்மையான மனுஷன். கடிகாரத்தைப் பார்த்தபடியே இரண்டு பேரும் ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இடது கையால் கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது செண்பகம் ஒரு தாளை நீட்டினாள். 'எட்டாம் எண் வரவில்லை. பெறுபவரும் வீட்டில் இல்லை. பட்டியல் நாளை முதல் எண்ணிலிருந்து மீண்டும் தொடங்கும்.'

பத்தொன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு வாசலில் விசில் சத்தம் கேட்டது. அரைக்கால் சட்டை பி.டி. மாஸ்டர் வந்து நின்றார். முட்டிபோட்டு எழுந்து, ஓடி முடிக்கையில் மணி ஒன்பதரை. மாஸ்டர் கையைத் தூக்கச் சொன்னார். இடது கைதான் எழும்பியது.

அப்போது தெருமுனையில் ஒரு ஹாரன் கேட்டது. ஆயிரம் ஹாரனிலும் ஆவுடையப்பனுக்கு அது தெரியும். பதினான்காம் நம்பர் வண்டி தெருவில் திரும்பி, வாசல் வழியாக, ஹால் வழியாக, வெள்ளைக்கோட்டைத் தாண்டாமல் வந்து, கட்டிலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ரோடு அது வரைக்கும் இருந்ததால், அன்று முதல் ரூட்டையும் அது வரைக்கும் நீட்டிவிட்டார்கள். கண்ணாடிக்கு உள்ளே பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து ஆடியது.

ஆவுடையப்பன் ஓடிப்போய்ப் படியில் ஏறினார். "டிப்போவுக்கு விடுறா இசக்கி! பத்து மணிக்குப் பரீட்சை!"

"இந்த நிறுத்தத்துக்குப் பேரு பி.டி.ன்னு போட்டிருக்கு அண்ணாச்சி," என்றான் இசக்கிப்பாண்டி. "எட்டு நாள் நின்னுதான் எடுக்கணும்."

ஆவுடையப்பன் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கைதான் எட்டவில்லை. ஹால் கடிகாரம் பத்து அடித்தது. இசக்கிப்பாண்டி மரியாதைக்காக ஒரு நிமிஷம் பொறுத்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு வாளியையும் துணியையும் எடுத்து நீட்டினான்.

"டிப்போவுல குடுத்துவிட்டாங்க. அங்க வரை எதுக்கு அலையணும், வண்டிதான் இங்கேயே நிக்கே."

ஆவுடையப்பன் இறங்கி, குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, முன்கண்ணாடியிலிருந்து ஆரம்பித்தார். பி.டி. மாஸ்டர் பக்கத்தில் நின்று, துணி போகிற போக்குக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து செண்பகம் எட்டிப் பார்த்து, மொத்தம் எத்தனை பேருக்குக் காபி என்று கேட்டாள். கண்டக்டர் எழுந்து நின்று எண்ணினார்.

"உக்காந்திருக்கிறது நாப்பத்திரண்டு, மதினி. நிக்கிறவங்க பதினெட்டு. அதுல ஆறு பேருக்குச் சீனி கிடையாது."