ஐந்து கம்பங்களும் ஒரு கிடாயும்

உலகத்தில் கலப்படமில்லாத நீதி என்று ஒன்று மிச்சமிருந்தால் அது எண்களிடம்தான் இருக்கிறது. அவற்றுக்கு உறவு தெரியாது, தாட்சண்யம் தெரியாது. நாரின் நகரத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மண்டப மேடையில் இப்படி முழங்கியவர் சகினாலி துர்துபாயெவிச், கல்வி அலுவலகத்தின் முன்னாள் துணை அதிகாரி. நூரூஸ் புத்தாண்டுப் பண்டிகைப் புதிர்ப்போட்டிக்கு அவரே நடுவர். கேள்விகளும் அவர் போட்டவைதான். பரிசுக் கிடாயின் முதுகில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டவரும் அவரே.

கடைசிப் புதிர் இது: குதிரை கட்ட ஐந்து கம்பங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று மீட்டர். முதல் கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம் வரை எத்தனை மீட்டர்?

“பதினஞ்சு!” என்று கத்தினான் ஓர்மோன்பெக். நடுவரின் மனைவிக்குத் தம்பி.

“பன்னெண்டு,” என்றாள் பல் டாக்டர் தோக்தோபூபூ.

சகினாலியின் தாளில் பதினைந்து என்றிருந்தது. அதையே அறிவித்துவிட்டு, வென்றவனை வாழ்த்தக் கைகளை ஏந்தினார். ஆசியை முடிக்கும் வழக்கப்படி “ஒமின்” என்று உள்ளங்கைகளால் முகத்தை வழிக்கும்போது வலது கை விரல்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு கணம் விரிந்தன. விரல் ஐந்து. இடைவெளி நாலு. அந்த நாலில் ஒன்றின் வழியே, முகத்தை வழிக்காமல், டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பு தன் தாளில்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் மண்டபமே முகத்தை வழித்து முடித்திருந்தது. கொடுத்த ஆசியைத் திரும்ப வாங்கிய ஆள் அந்த ஊரில் இதுவரை இல்லை.

அன்று மாலையே கிடாயை அறுப்பதென்று ஓர்மோன்பெக் ஊரைக் கூட்டினான். டாக்டர் பக்கத்து வீடு. வராவிட்டால் பொறாமை என்பார்கள் என்று வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகளைப் பெண் கேட்டு வருகிறார்கள், ஆடு அறுக்காமல் அவர்களை உட்காரவைக்க முடியாது, அவளிடமோ ஆடு கிடையாது. இதைச் சகினாலியின் மனைவி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் இருமினார்.

ஓர்மோன்பெக் கிடாயை வாசலுக்கு இழுத்து வந்தான். “மச்சான், ஆசி குடுங்க. கத்தி ரெடி.”

கிடாய் அவரைப் பார்த்தது. இன்னும் உயிரோடுதானே இருக்கிறது, சொல்லிவிடலாம். பன்னிரண்டு என்று ஒரே ஒரு வார்த்தை. “ஓர்மோன்…” என்று ஆரம்பித்தார். கிடாயின் கொம்பைத் தடவிக் கொடுத்தார்.

“சார், ஒரு சந்தேகம்,” என்றாள் டாக்டர். “அஞ்சு கம்பத்துக்குப் பதினஞ்சு மீட்டர்னா, ஒத்தைக் கம்பம் நட்டா மூணு மீட்டரா? எதுலேருந்து எதுவரைக்கும் சார் அளக்கறது?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அக்கா, தோத்துட்டு வக்கீலாட்டம் பேசாதீங்க. பல்லப் புடுங்கறதோட நிறுத்திக்குங்க,” என்றான் ஓர்மோன்பெக். “மச்சான், நீங்களே சொல்லுங்க!”

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வாயைத் திறந்தார். வெளியே வந்தது முப்பது வருஷம் பழகிய மேடைக்குரல். “அதாவது… ஒத்தைக் கம்பம்ங்கிறது உயர்கணிதத்துல தனி விஷயம். இங்க நின்னு விளக்க முடியாது.”

“அடேயப்பா!” என்றார்கள். கைகள் ஏந்தப்பட்டன, முகங்கள் வழிக்கப்பட்டன. கிடாய் கொல்லைப்புறம் போனது.

பந்தியில் வெந்த தலை, மரியாதைப்படி, சகினாலியின் முன்னால் வந்து உட்கார்ந்தது. அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. எதிரே டாக்டர் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். தலை வாங்கியவர், யாரை அடிக்கடி பார்க்க ஆசைப்படுகிறாரோ அவருக்குக் கண்ணை எடுத்துக் கொடுப்பது வழக்கம். சகினாலி ஒரு கண்ணைத் தட்டில் வைத்து நீட்டினார். சொல்ல முடியாத மன்னிப்பு முழுவதும் அதில்தான் இருந்தது.

“இந்தாங்க, டாக்டரம்மா.”

“வேணாம் சார். எனக்குக் கண்ணு நல்லாவே தெரியுது.”

பந்தியே பார்த்துக்கொண்டிருக்க, எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருப்பது? தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு கண்ணையும் அவரே தின்றார்.