ஒழுகாத கார்

எங்கள் ஷெட்டில் நிற்கும் இரண்டு கார்களும் ஒரே வருஷத்தில் பிறந்தவை. அண்ணனுடையது பிரிட்டிஷ், என்னுடையது ஜப்பான். இரண்டிலும் இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை. சண்டை போட வேறென்ன வேண்டும்?

அவன் காரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டால் எனக்கே சிலிர்க்கும். செத்தாலும் அவனிடம் சொல்ல மாட்டேன். ஆனால் மழை வந்தால் அதன் விளக்கு அணைந்துவிடும், நின்ற இடத்திலெல்லாம் ஆயில் சொட்டும். என் கார் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். கீழே ஒரு பொட்டு ஈரம் இருக்காது.

"ஒழுகுறதுக்கும் ஒரு உயிர் வேணும். உன்னுது வாஷிங் மெஷின்" என்பான்.

"உன்னுது காரே இல்ல, ஓட்டைக் குழாய்" என்பேன்.

அன்று மலைக்கு அந்தப் பக்கம் எனக்கு இன்டர்வியூ. ஏற்றம் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன்தான். ஏற்கெனவே இருப்புக் கொள்ளாமல் இருக்கிறேன், இவன் வேறு. உச்சியில் ஓரங்கட்டினேன். பிரேக் கொஞ்சம் ஆழமாகப் போன மாதிரி இருந்தது. பதற்றத்தில் கால் அழுத்திவிட்டது போல, என்று விட்டுவிட்டேன்.

போனில் ஒரு போட்டோ. என் கார் நின்ற இடத்தில், சிமென்ட் தரையில் ஈரம். கீழே எழுதியிருந்தான்: 'வாஷிங் மெஷினும் ஒழுகுது! தோத்துட்டே!'

கடுப்பாக வந்தது. போனை எறியப் போனவள் மறுபடி பார்த்தேன். அவன் கார் சொட்டுவது கறுப்பு. இது தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. பிரேக் ஆயில்தான் அப்படி இருக்கும். பிரேக்கை மிதித்தேன். பாதி தூரம் இறங்கியது. இன்னொரு தடவை மிதித்தேன். தரையைத் தொட்டது. எதிரே ஒன்பது வளைவு இறக்கம்.

இறங்கி அவனைக் கூப்பிட்டேன். "எந்த இடத்துல ஒழுகியிருக்கு?"

"அப்படிக் கேளு!" என்று சிரித்தான். "பின் சக்கரத்துக்கு உள்பக்கம்..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவனுக்கும் புரிந்துவிட்டது.

"கார் ஓடுதா? எங்க இருக்கே? எறங்கு. உடனே எறங்கு!"

"எறங்கிட்டேன். உச்சியிலதான் நிக்கிறேன். கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கும் போட்டிருக்கேன்."

அவன் மூச்சு வாங்குவது கேட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் கிளம்பினதும் போன் பண்ணியிருக்கியே, அஞ்சு நிமிஷம் முன்னாடி பார்த்திருக்கக் கூடாதாண்ணா?"

"பார்த்தேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. "நீ தலை சீவிட்டு இருக்கும்போதே பார்த்தேன். சொன்னா துடைச்சிட்டு, ஒழுகவே இல்லன்னு சாதிப்பியேன்னு... நீ போகட்டும்னு காத்திருந்தேன்."